சாட்சியே எதிரி: கருக்கலைப்புச் சட்டத்தின் 140 ஆண்டுகள்

யாழ்ப்பாணப் பத்திரிகைகளின் உள்பக்கத்தில் அவ்வப்போது ஒரு சின்னச் செய்தி வரும். சட்டவிரோதக் கருக்கலைப்பு, ஒருவர் கைது. ஒரு வீட்டின் பின்னறை, அல்லது மருந்துக்கடைக்குப் பின்னால் திரை போட்டு மறைத்த ஓர் இடம். கைதானவர் முந்தி எங்கோ ஆஸ்பத்திரியில் சிற்றூழியராகவோ தாதியாகவோ இருந்தவர் என்று போட்டிருப்பார்கள். நீதவான் முன் ஆஜர்படுத்தினார்கள், விளக்கமறியலில் வைத்தார்கள். அத்தோடு செய்தி முடிந்துவிடும்.

இதை வாசிக்கும்போது எனக்கு எழுகிற கேள்வி ஒன்றுதான். பொலிசுக்கு எப்படித் தெரிய வந்தது? பெரும்பாலும் ஒரு பெண் செத்திருப்பாள், அல்லது சாகும் தறுவாயில் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்திருப்பாள். அதற்கு முன் அந்த அறைக்கு வந்துபோன பெண்கள் ஒருவரும் முறைப்பாடு செய்யவில்லை. செய்யவும் முடியாது. ஏன் முடியாது என்பதற்கான விடை 1883ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒற்றை வரியில் இருக்கிறது.

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதன் 303 முதல் 307 வரையான பிரிவுகள் கருச்சிதைவு பற்றியவை. 303இன்படி, கர்ப்பிணியின் கருவைக் கலைப்பவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கிய பிறகு என்றால் ஏழு ஆண்டு வரை. பெண்ணின் உயிரைக் காப்பாற்றவென நல்லெண்ணத்துடன் செய்தால் மட்டும் குற்றமில்லை. வேறு விலக்கு எதுவும் கிடையாது. வன்புணர்வுக்கு இல்லை, பதினாலு வயதுப் பிள்ளைக்கு இல்லை, பிறந்தாலும் மூச்சு நிலைக்காது என்று ஸ்கானில் தெரிந்த கருவுக்கும் இல்லை. பெண்ணின் சம்மதமில்லாமல் கலைத்தால் 304, இருபது ஆண்டு வரை. கலைக்கப் போய் அவள் இறந்தால் 305, அதற்கும் இருபது ஆண்டு வரை. இறப்பு நேரும் என்று செய்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது.

நான் சொன்ன ஒற்றை வரி, 303ஆம் பிரிவுக்குக் கீழே வரும் விளக்கம். தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இந்தப் பிரிவுக்குள் அடங்குவாள் என்கிறது அது. இன்னொருவரிடம் போய்ச் செய்வித்தவளையும் உடந்தை என்று பிடிக்கலாம். நடந்ததை நேரில் கண்ட ஒரே சாட்சி அவள். சட்டத்தின் முன் அவளே எதிரியாகவும், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவளாகவும், நிற்கிறாள். கருவைக் கலைக்கப் போய்த் தனக்குக் கேடு செய்தவரைக் காட்டிக்கொடுக்க வேண்டுமென்றால் முதலில் தன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும். கையில் அழுக்கு உபகரணத்தோடு பின்னறையில் நிற்கும் ஆளுக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு வேறென்ன வேண்டும்?

இந்தச் சட்டம் நம்முடைய மண்ணில் முளைத்தது இல்லை. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம், சீதனம், முதுசொம், ஈடு, தத்து என்று பெரும்பாலும் குடும்பச் சொத்தைப் பற்றியே பேசுகிறது. 1883க்கு முன் இலங்கையில் குற்றங்களுக்கு உரோம டச்சுச் சட்டம் நடந்தது. அதற்குப் பதிலாகப் பிரித்தானியர் கொண்டுவந்தது 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் அச்சு. இந்தியாவின் 312ஆம் பிரிவையும் நம்முடைய 303ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று தெரியும். இரண்டுக்கும் மூலம், இந்தியாவில் பிரித்தானிய ஆட்சியின் சட்ட அதிகாரியாக இருந்த மெக்காலே தலைமையிலான ஆணைக்குழு 1837இல் தயாரித்த வரைவு.

அந்த வரைவோடு ஆணைக்குழு எழுதிய குறிப்புகளில் கருக்கலைப்புப் பற்றியும் ஒரு பகுதி உண்டு. இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அதை ஒரு தடவை வாசிக்க வேண்டும். இந்தச் சட்டம் இந்த நாட்டில் மிக இழிந்த நோக்கங்களுக்குப் பயன்படும் என்று தாங்கள் கடுமையாக அஞ்சுவதாக அதை எழுதியவர்களே சொல்லிவைத்தார்கள். குற்றச்சாட்டு நிரூபிக்கப்படாமல் போனாலும் குடும்ப மானத்தில் கறை படிந்துவிடும் என்றார்கள். கவனம் எடுக்காவிட்டால், தண்டிக்கப்படுவோர் சிலராகவும், நல்ல குடும்பங்களில் பயமும் துன்பமும் பெரிதாகவும், சமூகத்தின் கீழ்த்தரமான ஆட்களுக்குக் கொள்ளை இலாபமாகவும் முடியும் என்றார்கள். வழக்கு விசாரணை நடைமுறைச் சட்டத்தில் ஏதாவது விதி போட்டு இதைத் தடுத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் பிரிவை உள்ளே வைத்தார்கள். அஞ்சியது அப்படியே நடந்தது.

அவர்களுடைய சொந்த நாட்டில் என்ன நடந்தது? 1803இல் இங்கிலாந்து கருக்கலைப்பை முதன்முதலாக எழுத்துச் சட்டத்தில் குற்றமாக்கியது. பிள்ளை அசைந்த பிறகு கலைத்தால் மரண தண்டனை. 1861ஆம் ஆண்டுச் சட்டம் ஆயுட்கால வேலைச் சிறை வரை போனது. அதனால் கருக்கலைப்பு நின்றதா? தெருமூலைக் கிழவிகளிடமும், பத்திரிகையில் 'மாதவிலக்குத் தடை நீக்கும் குளிகை' என்று விளம்பரம் போட்டவர்களிடமும் போனது. 1938இல் அலெக் போர்ன் என்ற மகப்பேற்று வைத்தியர், படையினரால் வன்புணரப்பட்ட பதினாலு வயதுப் பெண்பிள்ளைக்குக் கருக்கலைப்புச் செய்தார். அதைத் தானே பொலிசுக்குச் சொல்லி வழக்கை வரவழைத்தார். உயிரைக் காப்பது என்றால் உடலும் மனமும் சிதைந்து போகாமல் காப்பதும் அதில் அடங்கும் என்று நீதிபதி எடுத்துச் சொல்ல, ஜூரிகள் அவரை விடுவித்தார்கள். 1967இல் பிரித்தானிய நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. அவர்கள் விட்டுப்போன சட்டைதான் இன்னும் நம் உடம்பில் கிடக்கிறது.

இந்தியா தன் சட்டையை 1971இல் கழற்றியது. சாந்திலால் ஷா தலைமையிலான குழு 1966இல் கொடுத்த அறிக்கை, ஒழுக்கத்தைப் பற்றிய விவாதத்தைவிட, ஆபத்தான கருக்கலைப்பில் சாகும் தாய்மாரைப் பற்றியே கூடுதலாகக் கவலைப்பட்டது. அதன் வழியே வந்த சட்டம் 1972 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2021இல் சில வகையினருக்கு 24 வாரம் வரை என்று காலத்தை நீட்டினார்கள். 2022இல் இந்திய உச்ச நீதிமன்றம், திருமணமாகாத பெண்ணையும் திருமணமானவளையும் இதில் பிரித்துப் பார்க்கக் கூடாது என்றது. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம்கூட இல்லை. கடவுச்சீட்டும் காசும் உள்ள வீட்டுப் பெண்ணுக்கு 303ஆம் பிரிவு என்பது ஒரு பயணச் சீட்டின் விலை. மற்றவளுக்கு அது பின்னறை.

யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை இதில் கூடுதலான வருத்தம் ஒன்று உண்டு. தாய்மாரைக் காப்பதில் இந்த மண் பின்தங்கி நின்ற இடமில்லை. மானிப்பாயில் 1840களின் கடைசியில் மருத்துவப் பணி தொடங்கிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார், பிரசவ மருத்துவ நூலையும் தமிழில் பெயர்த்தார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இணுவிலில் பெண்களுக்கென்றே மக்லியோட் ஆஸ்பத்திரி எழுந்தது. வலிகாமத்தில் எத்தனையோ வீடுகளில் பாட்டியின் பிறப்பிடம் எது என்று கேட்டால் 'இணுவில் ஆஸ்பத்திரி' என்றுதான் வரும். பிறகு அரசின் சுகாதாரப் பிரிவுகள் வந்தன, பயிற்றப்பட்ட மருத்துவமாதுகள் வந்தார்கள், வீட்டுப் பிரசவம் பார்த்த மருத்துவிச்சிகளின் காலம் முடிந்தது. 1940களில் இலங்கையில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் செத்தார்கள். அது சில பத்தாக இறங்கியதை உலகமே எடுத்துக்காட்டாகச் சொல்கிறது.

அந்தப் பெரிய முன்னேற்றத்தில் ஓர் அறை மட்டும் திறக்கப்படாமலே கிடந்தது. பிரசவம் மருத்துவிச்சியின் கையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனது. கருக்கலைப்பு போகவில்லை, சட்டம் விடவில்லை. எனவே அது ஆளை மாற்றிக்கொண்டு மறைவில் இருந்தது. ஒரு காலத்தில் கசாயமும் குச்சியும் தெரிந்த கிழவி. பிறகு ஊசி போடத் தெரிந்த முன்னாள் ஆஸ்பத்திரி ஊழியர். பிறகு கொழும்பில், மாதவிலக்கை ஒழுங்குபடுத்துகிறோம் என்ற பெயரில் பாதி வெளிப்படையாக நடந்த நிலையங்கள். இங்கிருந்தும் பெண்கள் கொழும்புக்குப் போனார்கள், யாரோ சொந்தக்காரர் வீட்டில் தங்குவதாகச் சொல்லிவிட்டு. 2007இல் அரசு அப்படியான நிலையங்களை மூடியது. நிலையங்கள் மூடின. போக வேண்டிய தேவை மூடவில்லை.

போர்க்காலத்தில் அந்தக் கொழும்புப் பாதையும் அநேகருக்கு இல்லாமல் இருந்தது. 1990க்குப் பின் பொருளாதாரத் தடை, ஆஸ்பத்திரிக்கு வரும் மருந்துக்கே கட்டுப்பாடு, வெளியே போவதென்றால் கிளாலிக் கடலேரியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகுப் பயணம். 2006இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மறுபடியும் பூட்டப்பட்டபோது அதே நிலை. இராணுவங்களின் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கும் அதே 303தான். வன்முறை செய்தவன் பிடிபடாமல் போவான், வயிற்றில் சுமப்பவள் மூன்று ஆண்டுச் சிறையை எண்ணிப் பயந்தாள். இந்த ஒன்றை நினைத்தாலே எனக்கு இந்தச் சட்டத்தின் மேல் உள்ள மரியாதை போய்விடுகிறது.

இன்று பின்னறைக்குக் குளிசை போட்டியாக வந்திருக்கிறது. மிசோபிரோஸ்ரோல் என்ற மருந்து முதலில் இரைப்பைப் புண்ணுக்காக வந்தது. கர்ப்பிணிகள் எடுக்கக் கூடாது, கருப்பை சுருங்கிக் கரு கலையும் என்று எச்சரிக்கை இருந்தது. 1980களின் பிற்பகுதியில், கடுமையான சட்டம் உள்ள பிரேசிலில் பெண்கள் அந்த எச்சரிக்கையைத் தலைகீழாக வாசித்தார்கள். பின்னர் உலக சுகாதார நிறுவனம் அதை மிஃபெப்ரிஸ்ரோன் என்ற இன்னொரு மருந்துடன் சேர்த்து 2005இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் வைத்தது. சரியான காலத்தில், சரியான அளவில், ஒருவர் பார்த்துக்கொள்ளும்போது இது பாதுகாப்பான மருந்து. கள்ளச் சந்தையில் இந்த மூன்றும் இல்லை. குளிசை உண்மையானதா என்று தெரியாது. எத்தனை வாரம் என்று பார்க்க ஸ்கான் இல்லை. கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருந்தால் குளிசை வேலை செய்யாது, உள்ளே குழாய் வெடித்து இரத்தம் போகும். விற்றவர் தொலைபேசியை நிறுத்திவிட்டிருப்பார். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். குச்சியோடும் கழுவாத கத்தியோடும் ஒப்பிட்டால் குளிசை எத்தனையோ பெண்களின் உயிரை மிச்சம் பிடித்திருக்கிறது. உலகெங்கும் அழுகல் காய்ச்சலால் வரும் சாவுகள் குறைந்ததில் அதற்குப் பங்குண்டு.

மகப்பேற்று வாட்டில் வேலை செய்தவர்களுக்கு நன்றாகப் பழக்கமான காட்சி ஒன்று. இரவில் ஒரு பெண்ணைக் கொண்டுவருவார்கள், கூட வருவது தாய் அல்லது தமக்கை. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், அடிவயிற்றில் கை வைக்க விடமாட்டாள். "என்ன நடந்தது பிள்ளை?" என்று கேட்டால், "கிணத்தடியில வழுக்கி விழுந்திட்டன் மிஸ்" என்பாள். "ஏதும் குளிசை போட்டனீங்களோ, எங்கையும் காட்டினனீங்களோ?" "இல்லை." தாய் பக்கத்தில் நின்று நிலத்தைப் பார்ப்பாள். இந்த 'இல்லை'யில் போகிற மணித்தியாலங்கள்தான் ஆளைக் கொல்கின்றன. உள்ளே ஏதாவது செலுத்தினார்களா என்று தெரிந்தால் கருப்பையில் துளை விழுந்ததா, குடலில் பட்டதா என்று உடனே பார்ப்பார்கள். தெரியாவிட்டால் சாதாரணக் கருச்சிதைவு என்று தொடங்கி, தொற்று இரத்தத்தில் ஏறி, சிறுநீரகம் நின்ற பிறகே உண்மை வெளிவரும். மருந்துக்கு வேண்டிய தகவலும் வழக்குக்கு வேண்டிய தகவலும் ஒன்றாக இருப்பதால், பெண் இரண்டையும் சேர்த்து விழுங்கிக்கொள்கிறாள்.

வாட்டுக்கு வருமுன்னரே இது தொடங்கிவிடுகிறது. நம் ஊர்களில் ஏறத்தாழ 3000 பேருக்கு ஒரு மருத்துவமாது இருக்கிறார், வீடு வீடாக வருகிறார், கர்ப்பிணிகளைப் பதிகிறார். யாருக்குத் தலைப்பிள்ளை, யாருக்கு நாலாவது, யாருடைய புருஷன் குடிகாரன், எல்லாம் அவருக்குத் தெரியும். பிள்ளை வேண்டாம் என்று நினைக்கும் பெண்ணுக்கு ஊரிலேயே சரியான ஆலோசனை சொல்லக்கூடியவர் அவர்தான். அந்தப் பெண் முதலில் ஒளிக்கிற ஆளும் அவர்தான். பதிவேட்டில் பெயர் ஏறினால் பிறகு வயிறு காணாமல் போனதற்குக் கணக்குச் சொல்ல வேண்டுமே.

இப்படிப் போகிறவர்கள் எல்லாம் கல்யாணம் ஆகாத 'கெட்டுப்போன' பெட்டைகள் என்பது ஊரின் கற்பனை. இலங்கையில் நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியது, பெரும்பான்மையோர் திருமணமானவர்கள், ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்கள் என்பதைத்தான். கருத்தடை தவறியவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள், கடன்பட்ட வீட்டுக்காரிகள். நாளொன்றுக்கு 658 என்ற மதிப்பீடு பல ஆண்டாகப் பத்திரிகைகளில் வந்துகொண்டிருக்கிறது. ஒளித்துச் செய்வதை எண்ணுவது எவ்வளவு நம்பத் தகுந்தது என்பது வேறு. பாதியாகக் குறைத்து எடுத்தாலும், ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் என்று வரும். வழக்குகளோ விரலில் எண்ணும்படி. மெக்காலேயின் குழு சொன்ன அதே கணக்கு.

சட்டத்தை மாற்ற முயற்சிக்கவில்லையா என்று கேட்டால், முயன்றார்கள். 1995இல் தண்டனைச் சட்டக்கோவைக்குப் பெரிய திருத்தம் வந்தபோது, வன்புணர்வு, முறைகேடான உறவு, கருவின் கடும் குறைபாடு ஆகியவற்றுக்கு விலக்குத் தரும் வாசகமும் சட்டமூலத்தில் இருந்தது. நாடாளுமன்றத்தில் கிளம்பிய எதிர்ப்பால் அதை மட்டும் எடுத்துவிட்டு மற்றவற்றை நிறைவேற்றினார்கள். அதே திருத்தம்தான் பாலியல் சம்மத வயதை 12இலிருந்து 16ஆக உயர்த்தியது. ஆக, பதினாறுக்குக் குறைந்த பிள்ளையோடு உறவுகொண்டால் அது வன்புணர்வு, ஆனால் அதனால் வந்த கர்ப்பத்தை அவள் பெற்றுத்தான் ஆக வேண்டும். 2017இல் நீதியரசர் அலுவிஹாரே தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி அமைச்சரவை ஒரு திருத்தத்துக்குச் சம்மதித்தது. கத்தோலிக்க ஆயர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அதுவும் கிடப்பில் போனது.

கருவும் உயிர் என்று மனதார நம்புகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர், சைவரிலும் வேதக்காரரிலும். அந்த நம்பிக்கையை நான் கேலி செய்யமாட்டேன். அவர்களிடம் கேட்பது ஒன்றே: இந்தச் சட்டம் எந்தக் கருவைக் காப்பாற்றியது? 1966இல் ருமேனியாவில் சௌசெஸ்கு ஆட்சி கருக்கலைப்பைத் தடைசெய்தது, ஆஸ்பத்திரி வாட்டுக்குள்ளேயே பொலிசை விட்டது. ஐரோப்பாவிலேயே கூடுதலாகத் தாய்மார் சாகும் நாடு அதுவானது. 1989 டிசம்பரில் தடையை நீக்கிய ஒரே ஆண்டில் அந்தச் சாவுகள் ஏறத்தாழப் பாதியாகின. பங்களாதேசம் இன்னொரு வழி கண்டது. அதே 1860ஆம் ஆண்டுப் பிரிவைக் கையால் தொடவேயில்லை. கர்ப்பம் என்று உறுதிசெய்யாத நிலையில் மாதவிலக்கை வரவைப்பது இந்தப் பிரிவுக்குள் வராது என்று கொண்டு, 1979 முதல் அரச நிலையங்களிலேயே செய்கிறது. நேபாளம் 2002இல் சட்டத்தைத் திறந்தது. அதற்கு முன் அங்கே கருக்கலைப்புக்காகப் பெண்களே சிறையில் கிடந்தார்கள்.

சட்டம் திறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல வரவில்லை. அமெரிக்காவின் பிலடெல்பியாவில், கருக்கலைப்புச் சட்டபூர்வமாக இருந்த காலத்திலேயே, கெர்மிட் கொஸ்னெல் என்ற வைத்தியர் அழுக்கும் கொடுமையும் நிறைந்த ஒரு கிளினிக்கை நடத்தினார். 1993க்குப் பிறகு 2010 வரை சுகாதாரத் துறை அங்கே எட்டிப்பார்க்கவில்லை. உயிரோடு பிறந்த சிசுக்களைக் கொன்றதற்காக 2013இல் ஆயுள் தண்டனை பெற்றார். ஏழைப் பெண்கள்தான் அங்கேயும் போனார்கள். அனுமதி கொடுத்தால் மட்டும் போதாது, போய்ப் பார்க்கிற கண்ணும் வேண்டும் என்பதை அந்த வழக்கு காட்டியது. ஆனால் அங்கே பார்க்க ஒரு கதவாவது இருந்தது. இங்கே கள்ளமாக நடக்கும் இடத்துக்கு எந்தச் சுகாதாரப் பரிசோதகரும் போகமுடியாது.

இப்போதைக்கு நம் கையில் இருப்பது என்ன? கலைத்த பிறகு சிக்கலோடு வரும் பெண்ணைப் பராமரிக்கச் சுகாதார அமைச்சு 2015இல் வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. எப்படிக் கலைந்தது என்று பாராமல் அவளுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும். இது யாழ்ப்பாணத்தில் எத்தனை பெண்களுக்குத் தெரியும்? கலைத்த பின் காய்ச்சல், நிற்காத இரத்தப்போக்கு, கெட்ட மணம், வயிற்று நோ என்றால் ஒரு மணித்தியாலமும் பிந்தாமல் அரச ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், என்ன எடுத்தேன், எங்கே செய்தேன் என்று டொக்டரிடம் சொல்ல வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.

சட்டத்தில் வேண்டியது, என் பார்வையில், முதலில் மிகச் சிறிய ஒன்று. வன்புணர்வு, குறைபாடு, வாரக் கணக்கு என்று எல்லாவற்றிலும் கொழும்பில் உடன்பாடு வருவதற்கு இன்னும் எத்தனை காலம் ஆகுமோ. அதுவரை காத்திருக்காமல் 303ஆம் பிரிவின் கீழுள்ள அந்த விளக்க வரியை மட்டும் நீக்கி, சம்மதித்த பெண்ணை உடந்தையாகவும் கொள்ளக் கூடாது என்று எழுதட்டும். ஆயர்களுக்கும் இதில் பெரிய மறுப்பு இருக்க நியாயமில்லை. கலைப்பவருக்குள்ள தண்டனை அப்படியே இருக்கும். மாறுவது, கிணற்றடியில் விழுந்தேன் என்று சொன்ன பெண் மறுநாள் காலையில் டொக்டரிடம் உண்மையைச் சொல்லலாம், விரும்பினால் பொலிசிடம் பெயரும் சொல்லலாம். அவள் சாவதற்கு முன்பே அந்தப் பின்னறையின் விலாசம் வெளியே வரும்.